ஆணையில் கையெழுத்திடும் முன் கிடங்கைத் திறந்து பாருங்கள்

நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்களுக்கும், படைத் தலைமையகங்களில் திட்டம் தீட்டுபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கிடங்குகளில் வேலை பார்த்தவன். எந்த லாரியில் எது ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, வழியில் எவ்வளவு குறைந்தது என்று கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு போர் வரலாறு படிக்கத் தொடங்கினேன். வீரமும் தந்திரமும் இருக்கும் என்று நினைத்துத்தான் புரட்டினேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் என் தொழில்தான் கண்ணில் பட்டது. வராத லாரி, தவறான பெட்டி, கிடங்கில் இருப்பதாக ஏட்டில் மட்டும் இருக்கும் சரக்கு.

இப்போது பல தலைநகரங்களில், பெரிய போர் ஒன்றுக்குத் தயாராக வேண்டும் என்ற பேச்சு பலமாகக் கேட்கிறது. இருப்புப் படையை எத்தனை லட்சம் ஆக்கலாம், எத்தனை நாளில் எல்லைக்குக் கொண்டுபோகலாம் என்று பேசுகிறீர்கள். அந்தப் பேச்சில் ஆள் எண்ணிக்கை வருகிறது, டாங்கி எண்ணிக்கை வருகிறது. லாரி ஓட்டுநர் எத்தனை பேர், பாலம் எத்தனை டன் தாங்கும் என்ற கேள்விகள் அபூர்வமாகத்தான் வருகின்றன. அதனால்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றுதான். படைதிரட்டும் முடிவு எடுக்கப்படும் மேசையில், வழங்கல் கணக்கு பார்ப்பவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அதுவும் முதல் நாளிலிருந்தே வேண்டும். அவர் 'முடியும்' என்றாலும் 'முடியாது' என்றாலும் அது எழுத்தில் பதிவாக வேண்டும்.

ஏன் முதல் நாள் என்று அழுத்திச் சொல்கிறேன்? முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ஐப் பாருங்கள்.

அன்றைய ஜெர்மானியப் படையில் ஒரே ஒரு கோர், அதாவது பல்லாயிரம் பேர் கொண்ட ஒரு பெரும் படைப்பிரிவு, இடம்பெயர 6,010 ரயில் பெட்டிகள் தேவைப்பட்டன. அதிகாரிகளுக்கு 170, காலாட்படைக்கு 965, குதிரைப்படைக்கு 2,960, பீரங்கிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் 1,915. எல்லாம் சேர்ந்து 140 ரயில். அந்தக் கோருக்கு வேண்டிய சரக்கைக் கொண்டுவர இன்னொரு 140. இப்படி ஒன்றல்ல, பல கோர்கள். கொலோன் நகரில் ரைன் ஆற்றைக் கடக்கும் பாலத்தின் மேல் ஆகஸ்ட் 2-க்கும் 18-க்கும் இடையில் 2,150 ரயில்கள் போயின. இரவு பகலாக, ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. என் தொழிலில் இருந்தவன் இதைப் படித்தால் வியப்பில் வாயடைத்துப் போவான். எத்தனை எழுத்தர்கள், எத்தனை ஆண்டு, எத்தனை அட்டவணை!

ஆனால் அந்த அட்டவணையின் கச்சிதமே அவர்கள் கழுத்தைப் பிடித்தது. ஆகஸ்ட் 1 மாலை, பிரான்ஸ் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று நம்பவைத்த ஒரு தகவல் லண்டனிலிருந்து பெர்லினுக்கு வந்தது. அது தவறான தகவல்தான். என்றாலும் பேரரசர் வில்ஹெல்ம் அதைப் பற்றிக்கொண்டு, படை முழுவதையும் கிழக்கே திருப்பச் சொன்னார். தலைமைத் தளபதி மோல்ட்கே முடியாது என்றார். ஓராண்டு உழைப்பில் உருவான ஏற்பாடு அது. திருப்பினால் கிழக்கே போய்ச் சேர்வது படையாக இருக்காது, சோற்றுக்கு வழியில்லாத கும்பலாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம். போர் முடிந்த பிறகு ரயில்வே பிரிவில் இருந்த தளபதி ஒருவர், திருப்பியிருக்க முடியும் என்று வரைபடங்களோடும் அட்டவணைகளோடும் எழுதிக் காட்டினார். அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

அதே வாரம் ரஷ்யாவிலும் இதே கதை. ஜூலை 29 அன்று ஜார் நிக்கலஸ் முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புக்கொண்டார். அன்றிரவே அதை நிறுத்திப் பகுதிப் படைதிரட்டலாக மாற்றினார். மறுநாள் மறுபடியும் முழுப் படைதிரட்டல். அவருடைய தளபதிகள் பகுதித் திரட்டலை எதிர்த்ததற்கு முக்கியமான காரணம், அதற்கு ஒழுங்கான திட்டம் அவர்களிடம் இல்லாததுதான். பாதியைக் கிளப்பினால் பின்னால் முழுவதையும் கிளப்ப முடியாமல் போகும் என்றார்கள். ஒரு பேரரசின் அரசியலுக்கு எந்தெந்த வழிகள் திறந்திருக்கும் என்பதை ரயில் அட்டவணை எழுதியவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவுசெய்துவிட்டார்கள். அரசருக்கு அது தெரிந்ததோ கடைசி வாரத்தில்.

வழங்கல் அதிகாரி கடைசி நாளில் சொல்லும் 'முடியாது' எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அமைதிக் காலத்தில் சொல்லியிருந்தால் திட்டத்தை மாற்றியிருக்கலாம். ஆணை பிறந்த பிறகு சொன்னால், அமைச்சர் கையில் இருக்கும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்.

சரி, படை எல்லைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்?

அப்புறம் அது சாப்பிட வேண்டும். 1914-இல் பெல்ஜியம் வழியாகப் போன ஜெர்மானிய முதலாம் படையில் மட்டும் 84,000 குதிரைகள். அவற்றுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 டன் தீவனம் வேண்டும். மார்ன் ஆற்றுச் சண்டை தொடங்குவதற்குள் அந்தப் படையெடுப்பின் லாரிகளில் 60 சதவீதம் பழுதாகி நின்றுவிட்டன. பிரிட்டன் அந்தப் போர் முழுவதும் பிரான்ஸுக்கு அனுப்பிய சரக்கின் கணக்கில் ஒரு வரி என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. குதிரைத் தீவனம் 54 லட்சம் டன். வெடிபொருள் 52 லட்சம் டன். உலகமே பீரங்கிச் சத்தத்தால் நினைவில் வைத்திருக்கும் போரில், குண்டைவிட வைக்கோலும் ஓட்ஸும் அதிக எடை கப்பலேறியிருக்கின்றன.

இன்றைய குதிரை டீசல் குடிக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கி ஒன்றின் எரிபொருள் தொட்டி சுமார் 1,900 லிட்டர் கொள்ளும். அதன் எடை 60 டன்னுக்கு மேல். அது ஏறும் லாரி, அந்த லாரி ஏறும் பாலம், பாலம் தாங்காவிட்டால் சுற்றிப் போக வேண்டிய தூரம், அந்தத் தூரத்துக்குக் கூடுதல் டீசல், அந்த டீசலைக் கொண்டுவர இன்னொரு லாரி. இந்தக் கணக்கு முடியவே முடியாது. 2022 பிப்ரவரி இறுதியில் கீவ் நகருக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக ரஷ்ய வாகன வரிசை நின்றதை உலகமே செயற்கைக்கோள் படங்களில் பார்த்தது. சேற்றுக்குப் பயந்து சாலையை விட்டு இறங்காத வண்டிகள், தீர்ந்துபோன எரிபொருள், பழுதான டயர், முன்னால் தாக்குதல். உலகின் மிகப் பெரிய படைகளில் ஒன்றுக்கே இந்த நிலை.

கிடங்கில் இருப்பதும் ஏட்டில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். ஒருமுறை வெள்ள நிவாரணச் சரக்கு அனுப்பும் பொறுப்பு எங்கள் கிடங்குக்கு வந்தது. போர்வை, பால் பவுடர், தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை, தார்ப்பாய். அவசரம் என்பதால் கையில் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் ஏற்றினோம். மாத்திரைப் பெட்டிகள் முதலில் வந்தன, அதனால் முதலில் ஏறின. அவற்றுக்கு மேல் போர்வை மூட்டைகள். இறக்கும் இடத்தில் ஒரே வாசல். அன்று அங்கே வேண்டியிருந்தது மாத்திரை. ஆயிரக்கணக்கான போர்வைகளை மழையில் இறக்கி வைத்துத்தான் மாத்திரையை எடுத்தார்கள். போர்வை அத்தனையும் நனைந்துபோனது. முதலில் வேண்டியது கடைசியில் ஏற வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அவசரத்தில் அதையே மறந்தோம். அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

பின்னாளில் ஃபாக்லாந்து போரைப் பற்றிப் படித்தபோது அந்த மழை இரவுதான் நினைவுக்கு வந்தது. 1982 ஏப்ரல் 2-இல், தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசம் இருந்த அந்தத் தீவுகளை அர்ஜென்டினா கைப்பற்றியது. மூன்றே நாளில், ஏப்ரல் 5 அன்று, பிரிட்டிஷ் கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. பாராட்ட வேண்டிய வேகம்தான். ஆனால் அந்த அவசரத்தில் சரக்கு ஏற்றப்பட்ட விதத்தால், வழியில் அசென்ஷன் தீவில் நின்று, எது எந்தக் கப்பலில் இருக்கிறது என்று பார்த்து, மறுபடியும் அடுக்கவேண்டியிருந்தது. வழியில் அப்படி ஒரு தீவு இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம். மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் என்ற ஒரே ஒரு சரக்குக் கப்பல் தாக்கப்பட்டது. அதோடு, ஆளையும் சுமையையும் தூக்கிப்போகும் பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள் மூன்றும் போயின. படைவீரர்களில் பலர் முதுகில் சுமையோடு தீவின் குறுக்கே நடந்தே போனார்கள்.

1990-91 வளைகுடாப் போரில் அமெரிக்கா ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கடல் கடந்து கொண்டுசென்றது. ஆறு மாதம் யாரும் தொந்தரவு செய்யாத துறைமுகங்கள், பணத்துக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும், போய்ச் சேர்ந்த சுமார் 40,000 கொள்கலன்களில் பாதிக்கு மேல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கேட்ட பொருள் வரவில்லை என்று மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் வந்தது, அதுவும் குவியலில் காணாமல் போனது. துறைமுகத்தின்மேல் ஏவுகணைகள் விழுந்துகொண்டே இருக்கும் போரில் இந்தக் கொள்கலன்களைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்?

இன்னொரு கணக்குப் பிழை எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருப்பது. உங்கள் இருப்புப் படைப் பட்டியலில் ஒரு லாரி ஓட்டுநர் இருக்கிறார். போர்க்காலத்தில் உணவும் மருந்தும் கொண்டுசெல்வதற்காக உள்துறை வைத்திருக்கும் பட்டியலிலும் அவரே இருக்கிறார். ஆம்புலன்ஸ் ஓட்டுபவர், அறுவை மருத்துவமனை செவிலியர், மின்மாற்றி பழுதுபார்ப்பவர் எல்லாரும் இப்படித்தான். ஒரே லாரி மூன்று துறைகளின் ஏட்டில் மூன்று லாரியாக நிற்கிறது. ஏடுகள் தனித்தனி அலமாரியில் இருக்கும் வரை எல்லாருக்கும் திருப்தி. ஆணை வரும் நாளில்தான் வண்டி ஒன்றே ஒன்று என்று தெரியும்.

முதல் உலகப் போரில் இது நடந்தது. பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர்களும் கடைசல் பட்டறைக்காரர்களும் ஆர்வத்தோடு படையில் சேர்ந்தார்கள். பிரான்ஸோ படையில் சேரும் வயதுள்ள ஆண்களைத் தொழில் பார்க்காமல் எல்லைக்கு அழைத்துக்கொண்டது. சில மாதத்தில் பீரங்கிக் குண்டு தீர்ந்தது. புதிதாகச் செய்ய ஆள் இல்லை. செய்யத் தெரிந்தவன் பதுங்குகுழியில் இருந்தான். பிரான்ஸ் லட்சக்கணக்கான தேர்ந்த தொழிலாளர்களைப் போர்முனையிலிருந்து ஆலைகளுக்குத் திரும்ப அனுப்ப வேண்டியதாயிற்று. திரும்பி வர உயிரோடு இருந்தவர்களைத்தான் அனுப்ப முடிந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பிரிட்டனில் 1915 மே மாதம் குண்டுப் பற்றாக்குறை செய்தித்தாளில் வெடித்தது. பிரதமர் ஆஸ்குவித் கூட்டணி அரசு அமைக்க வேண்டிவந்தது. லாய்ட் ஜார்ஜ் தலைமையில் வெடிபொருளுக்கென்றே தனி அமைச்சகம் பிறந்தது. அடுத்த ஆண்டு பிரான்ஸில் நடந்த சோம் சண்டைக்கு முந்தைய ஒரே வாரத்தில் 15 லட்சத்துக்கும் மேல் குண்டுகள் வீசப்பட்டன. அவசர அவசரமாகச் செய்த குண்டுகளில் பெரும் பங்கு வெடிக்கவே இல்லை. எதிரியின் முள்வேலி பல இடங்களில் அப்படியே நின்றது. ஜூலை 1 காலை அந்த வேலியை நோக்கி நடந்தவர்களில், அன்று மாலைக்குள் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 57,000-க்கும் அதிகமானோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். அது முழுக்கக் குண்டின் குறை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆலையில் தவறிய ஒரு தரச் சோதனைக்கும் வேலியில் தொங்கிய ஒரு உடலுக்கும் இடையே நேர்க்கோடு உண்டு.

நூறாண்டு கழித்து நாம் எங்கே இருக்கிறோம்? உக்ரைன் போர் தொடங்கும் முன் அமெரிக்கா மாதத்துக்குச் செய்த 155 மி.மீ. குண்டுகள் சுமார் 14,000. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில், ஓராண்டுக்குள் 10 லட்சம் குண்டுகள் தருவதாக உக்ரைனுக்கு வாக்களித்தது. அந்தக் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது ஏறக்குறையப் பாதி. பணம் இல்லாமல் அல்ல. வெடிமருந்து செய்யும் ஆலைகள் குறைவு, பருத்தி நாரிலிருந்து எடுக்கும் மூலப்பொருள் குறைவு, இயந்திரம் வாங்க ஆணை கொடுத்தால் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆகும். தோளில் வைத்து விமானத்தைச் சுடும் அமெரிக்க ஸ்டிங்கர் ஏவுகணையை மறுபடியும் செய்யத் தொடங்கியபோது, எழுபது வயதைத் தாண்டிய பழைய ஊழியர்களை அழைத்து, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். பழைய வரைபடத்தில் எல்லாம் இருக்கும் என்று நம்புகிறோம். எந்தத் திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ஒரு முதியவரின் மணிக்கட்டில் இருக்கிறது. அவர் இறந்துவிட்டால் அது உங்கள் எந்தக் கிடங்கிலும் கிடைக்காது.

'அவசரம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, ஒவ்வொரு துறையும் தன் சரக்குக்கு முன்னுரிமைச் சீட்டு ஒட்டியது. எல்லாச் சரக்கிலும் சீட்டு இருந்தபோது எதற்கும் முன்னுரிமை இல்லாமல் போனது. கிழக்குக் கரைத் துறைமுகங்களை நோக்கி வந்த வேகன்கள், இறக்க ஆளும் கப்பலும் இல்லாமல், பல மைல் தூரத்துக்கு வரிசையாக நின்றன. காலி வேகன் திரும்பாததால் நிலக்கரி போகவில்லை. நிலக்கரி இல்லாததால் கப்பல் கிளம்பவில்லை. டிசம்பர் இறுதியில் அரசே ரயில் பாதைகளைக் கையில் எடுத்துக்கொண்டது. இறக்குமிடத்தின் திறன் என்னவோ அதுதான் முழுப் பாதையின் திறன் என்பது எங்கள் கிடங்கில் புதிதாகச் சேரும் பையனுக்குக்கூடச் சொல்லித் தரும் பாடம்.

இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பர் 4 அன்று, நேசப்படைகள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தைப் பிடித்தன. கப்பல்துறைகள் சேதமில்லாமல் கிடைத்தன. ஆனால் கடலிலிருந்து அங்கே வரும் ஷெல்ட் ஆற்று முகத்துவாரத்தின் கரைகள் எதிரியிடம் இருந்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. முதல் சரக்குக் கப்பல் அணி உள்ளே வந்தது நவம்பர் 28 அன்று. அந்த மாதங்களில் சரக்கில் பெரும் பங்கு பிரான்ஸின் நார்மண்டிக் கரையிலிருந்து லாரியில் போனது. ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்று அதற்குப் பெயர். உச்சத்தில் ஏறக்குறைய 6,000 லாரிகள், நாளுக்கு 12,500 டன் வரை. ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள். போர் முனையில் சமமாக நிற்க அனுமதிக்கப்படாதவர்கள் அந்தப் போரைத் தோளில் தாங்கினார்கள். தூக்கமில்லாமல் ஓட்டினார்கள். அதிகச் சுமையால் லாரிகள் உருக்குலைந்தன. பெட்ரோல் கரையில் இருந்தும், அதை ஊற்றிக் கொண்டுபோக 20 லிட்டர் கேன்கள் போதவில்லை. காலிக் கேன்களைப் படைகள் வழியெல்லாம் எறிந்துவிட்டுப் போயிருந்தன. அவற்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும்படி பிரெஞ்சு மக்களிடமே கேட்டார்கள். ஒரு காலிக் கேன் திரும்பி வராததால் டாங்கிப் படை நின்றது என்று பாடப்புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. நான் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

இனி, எழுதக் கை தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

படைக்குப் போகும் ஒவ்வொரு வேகனும் எங்கிருந்தோ எடுக்கப்படும் வேகன். 1942-இல் வங்காளத்தில், ஜப்பானியர் வந்தால் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று, பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைக் காலனி அரசு பறித்தது, அழித்தது. கரையோர மாவட்டங்களில் உபரி நெல்லை அகற்றியது. படகே சாலையாக இருந்த நாடு அது. நெல் ஏற்றும் படகு, மீன் பிடிக்கும் படகு, சந்தைக்குப் போகும் படகு எல்லாம் போயின. அதோடு புயல், பர்மா அரிசி நின்றது, போர்ச்செலவால் ஏறிய விலை. 1943 பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் என்ற மதிப்பீடு உண்டு. படகைப் பறிக்கச் சொன்ன ஆணையில் கையெழுத்திட்டவரின் முன்னால், அந்தப் படகு எதை ஏற்றிக்கொண்டிருந்தது என்ற பட்டியலை யாராவது வைத்தார்களா?

அதே ஆண்டுகளில், ரங்கூனுக்குப் போகும் கடல்வழி நேச நாட்டு நீர்மூழ்கிகளுக்கு இலக்கானதால், பர்மாவில் இருந்த தன் படைக்குச் சரக்கு அனுப்ப ஜப்பானுக்கு ஒரு ரயில் பாதை தேவைப்பட்டது. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு, காட்டையும் மலையையும் வெட்டி, 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் கல்லறைகளில் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் வேலைவாங்கப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். நல்ல கூலி என்று ஏமாற்றப்பட்டவர்கள், வழிமறித்துப் பிடிக்கப்பட்டவர்கள். காலராவிலும் பட்டினியிலும் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை, பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை. இத்தனையும் ஒரு சப்ளை பாதைக்காக. 'தளவாட ஏற்பாடு' என்று நீங்கள் கோப்பில் எழுதும் இரண்டு சொல்லுக்குள் இவர்களும் இருக்கிறார்கள் என்பதை எந்தக் கூட்டத்திலும் மறந்துவிடாதீர்கள். சயாம் மரண ரயில் என்று எங்கள் மொழியில் அதற்கு ஒரு பெயரே நிலைத்துவிட்டது.

அந்த பர்மாப் படை கடைசியில் என்ன ஆனது? 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதாகுச்சி, இந்தியாவின் வடகிழக்கில் உள்ள இம்பாலை நோக்கிப் படையெடுத்தார். கையில் மூன்று வாரத்துக்கு உணவு. கூடவே மந்தை மந்தையாக மாடுகள். சுமை சுமக்கும், பிறகு உணவாகும் என்று கணக்கு. இம்பாலைப் பிடித்தால் அங்கே உள்ள பிரிட்டிஷ் கிடங்குகள் கிடைக்கும், மீதி நாளை அதில் ஓட்டலாம் என்பதே திட்டம். மாடுகள் பல ஆற்றில் போயின, மலையில் விழுந்தன. இம்பால் விழவில்லை. மழை வந்தது. கொஹிமாவில் இருந்த தளபதி சாதோ, உணவும் குண்டும் வராததால் உத்தரவை மீறிப் படையோடு பின்வாங்கினார். இறந்த 30,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய வீரர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும். இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. முதாகுச்சியின் தலைமை அலுவலர் ஒபாதா, வழங்கல் துறையில் தேர்ந்தவர். இது நடக்காது என்று முந்தைய ஆண்டே சொன்னார். அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

முதல் நாளில் சொன்ன 'முடியாது' அது. எழுத்தில் வைத்து மேலே அனுப்பியிருந்தால், மேலே இருந்தவர்கள் காது கொடுத்திருந்தால்?

காது கொடுத்த இடமும் உண்டு. 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போகச் சொன்னபோது, படை தயாரில்லை என்று பிரதமர் இந்திரா காந்தியிடம் சொன்னதாக இந்தியத் தரைப்படைத் தளபதி மானெக்ஷாவே பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். மழை வந்தால் ஆறுகள் கடலாகும். அறுவடைக் காலத்தில் படையை நகர்த்த ரயிலையும் சாலையையும் எடுத்துக்கொண்டால் தானியம் போகாது. பனி விழும் வரை வடக்குக் கணவாய்கள் திறந்திருக்கும், அந்தப் பக்கம் சீனாவையும் கவனிக்க வேண்டியிருக்கும். அவர் சொன்ன காரணங்களில் பாதிக்கு மேல் என் தொழில் சார்ந்தவை. போர் டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்தது. காத்திருந்த மாதங்களில் கிழக்கில் மக்கள் பட்ட துயரம் சொல்லி முடியாது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தயாரில்லாத படை உள்ளே போய் மழையில் சிக்கியிருந்தால் அந்தத் துயரம் குறைந்திருக்காது.

முப்பது ஆண்டு கழித்து, 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, அதே நாடு எல்லைக்குப் படையை நகர்த்தியது. முதன்மைத் தாக்குதல் பிரிவுகள் போய்ச் சேரவே மூன்று வாரம் ஆனது. அதற்குள் சூழ்நிலை மாறிவிட்டது. படை அடுத்த அக்டோபர் வரை எல்லையில் நின்றது. போர் நடக்கவில்லை. ஆனால் கண்ணிவெடி வைக்கும்போதும் எடுக்கும்போதும், விபத்துகளிலும் நூற்றுக்கணக்கான வீரர்கள் இறந்தார்கள். திரட்டுவதற்குத் திட்டம் வைத்திருக்கும் எல்லா நாடுகளும் கலைப்பதற்கும் திட்டம் வைத்திருக்கின்றனவா? கிடங்கிலிருந்து எடுத்த சரக்கைத் திரும்ப வைப்பது எடுப்பதைவிடக் கடினம். நனைந்தது, உடைந்தது, எண்ணிக்கை தவறியது எல்லாம் அப்போதுதான் தெரியும். நடுவில் நிறுத்துவதற்கும், பாதியோடு நிற்பதற்கும், திரும்புவதற்கும் அட்டவணை இல்லாத திட்டத்தைத் தயவுசெய்து திட்டம் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். 1914 ஜூலையில் ஜாரின் கையில் இல்லாமல் போனது அதுதான்.

வழங்கல் அதிகாரியைக் கூட்டத்தின் இறுதியில் 'ஏற்பாடுகளைக் கவனியுங்கள்' என்று சொல்வதற்காக மட்டும் கூப்பிடாதீர்கள். அவரைத் தொடக்கத்திலேயே உட்காரவையுங்கள். படைத்துறை, உள்துறை, சுகாதாரத் துறை, ரயில்வே எல்லாவற்றின் ஆள் பட்டியலையும் வண்டிப் பட்டியலையும் ஒரே மேசையில் விரித்து, இரண்டு முறை வரும் பெயர்களை அடிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, காகிதத்தில் இல்லாமல், உண்மையான பத்து ரயிலையும் உண்மையான ஒரு பாலத்தையும் வைத்து ஒத்திகை பாருங்கள். அது சொதப்பினால் சொதப்பியதை மறைக்காமல் எழுதுங்கள். சொதப்பலைச் சொன்னவருக்குப் பதவி உயர்வு கொடுங்கள். ஒரு துறைமுகத்தை, ஒரு ரயில் பாதையை, ஆயிரம் லாரியைப் படைக்கு எடுக்கும் ஒவ்வொரு ஆணையின் பின்பக்கத்திலும், இன்று அது எதை ஏற்றுகிறது, யாருடைய சோறு, யாருடைய மருந்து என்று எழுதவையுங்கள். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். படித்த பிறகும் கையெழுத்திட வேண்டிய நாள் ஒரு நாட்டுக்கு வரலாம். அதை நான் மறுக்கவில்லை.

இந்த மடலுக்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. நாளை காலை உங்கள் அலுவலகத்துக்குப் போனதும், உங்கள் வழங்கல் பிரிவில் ஏடு எழுதும் ஆளை வரச்சொல்லி, எந்தச் சரக்கு முதலில் தீரும், எத்தனையாவது நாளில் தீரும் என்று கேளுங்கள். அவர் மேலதிகாரியின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்கிறாரா என்றும் கவனியுங்கள்.

இப்படிக்கு,
கிடங்குக் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒருவன்